பொத்தான் வைத்த மவுத் ஆர்கன்: புதிதா, பழையதா?

குரோமாட்டிக் ஹார்மோனிகா பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் நிற்கின்றன: முதல் வாத்தியமாக எதை வாங்குவது? அந்தக் கேள்விகளையும், வாங்கிய பிறகு முளைக்கும் கேள்விகள் சிலவற்றையும் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கடையில் குரோமாட்டிக் கேட்டால் 24 துளை மவுத் ஆர்கனை எடுத்து நீட்டுகிறார்கள். “துளை அதிகம், இதில் எல்லாமே வாசிக்கலாம்” என்கிறார்கள். சரிதானா?
— வாசகர், திருச்சி

துளையை எண்ண வேண்டாம். வலது முனையைப் பாருங்கள். அங்கே ஒரு பொத்தான் இருக்க வேண்டும். விரலால் தள்ளினால் உள்ளே போய், விட்டதும் தானே வெளியே வர வேண்டும். அது இல்லையென்றால் எத்தனை துளை இருந்தாலும் குரோமாட்டிக் இல்லை.

கடைக்காரர் காட்டியது ட்ரெமோலோ. மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் துளைகள். மேலே ஒரு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு), நேர் கீழே அதே சுரத்துக்கு இன்னொரு ரீடு. இரண்டையும் ஒன்றுக்கொன்று இம்மி விலக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள். அந்த விலகல்தான் அலை அலையாக நடுங்கும் ஒலியைத் தருகிறது. ஆகவே 48 ரீடு இருந்தும் கிடைப்பது 24 சுரம்தான். அதுவும் ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் மட்டும்.

12 துளை குரோமாட்டிக்கிலும் அதே 48 ரீடுகள்தான். ஆனால் துளைக்கு நான்கு வீதம்: ஊதினால் ஒன்று, இழுத்தால் ஒன்று, பொத்தானை அழுத்தி ஊதினால் ஒன்று, அழுத்தி இழுத்தால் ஒன்று. அழுத்தினால் அந்தந்தச் சுரம் அரைச்சுரம் ஏறும். சில சுரங்கள் இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வருவதால் மொத்தம் 39 வெவ்வேறு சுரங்கள். மூன்று ஸ்தாயிக்குச் சற்று மேல், கறுப்புக் கட்டை ஒன்றுகூட விட்டுப்போகாமல். ஒரே ஸ்கேலில் நிற்கும் எளிய பாட்டுகளுக்கு ட்ரெமோலோ அழகான கருவிதான். குரோமாட்டிக் கற்க நினைத்து அதை வாங்கினால் இரண்டாவது மாதமே அலமாரிக்குப் போய்விடும்.

உள்ளங்கையில் அடங்கும் 10 துளை, 20 ரீடு கருவியும் இருக்கிறது. அது ப்ளூஸ் வாசிக்கும் டயட்டானிக், வேறு குடும்பம்.

10, 12, 14, 16 துளை என்று வருகிறது. பெரியதாக வாங்கிவிட்டால் பிற்காலத்துக்கும் ஆகுமே? எந்தச் சுருதி?
— வாசகி, மதுரை

12 துளை, சி ஸ்கேல். நம் கணக்கில் ஒரு கட்டை.

16 துளையில் ரீடு 64. கூடுதலாகக் கிடைப்பது கீழே ஒரு முழு ஸ்தாயி. கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கீழ் ரீடுகள் நீளமானவை; மெதுவாகத்தான் பேசும், காற்றும் அதிகம் கேட்கும். பொத்தானோடு நகரும் ஸ்லைடு என்ற தகடும் நீளமாவதால் காற்றுக் கசியும் இடமும் கூடும். முதல் ஆறு மாதம் மூச்சை அடக்கி அளவாக விடப் பழகுகிறவருக்கு இது வேண்டாத பாரம். 10 துளை மலிவு; இரண்டரை ஸ்தாயியில் மேலே இடம் தீர்ந்துவிடும்.

கட்டைகளைப் பற்றி ஒரு சௌகரியம் சொல்ல வேண்டும். சி ஹார்மோனிகாவில் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே வாசித்தால் வாத்தியம் முழுவதும் ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடும். மூச்சும் துளையும் அப்படியே. ஐந்து கட்டையில் பாடுகிற பெண் குரலுக்குத் துணை வாசிப்பதே நோக்கம் என்றால் ஜி ஸ்கேலில் 12 துளை கிடைக்கும். அது வழக்கமான சி-யைவிடக் கீழே தொடங்கும். அதை இரண்டாவது வாத்தியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக சங்கீதம் இரண்டு வருடம் பாடக் கற்றேன். குரோமாட்டிக்கில் அதை வாசிக்க முடியுமா? வாங்கிவிட்டு ஏமாறக்கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.
— வாசகி, கோவை

வரிசைகளும் கீதங்களும் தாராளமாக வாசிக்கலாம். சுரத்தை அசைத்து இசைக்கும் கமகம் வேறு கதை. இரண்டையும் தனித்தனியே சொல்கிறோம்.

முதல் துளையில் ஊதினால் ச, இழுத்தால் ரி. இரண்டில் ஊதினால் க, இழுத்தால் ம. மூன்றில் ஊதினால் ப, இழுத்தால் த. நான்காவது துளையில் கணக்குப் புரளும்: முதலில் இழுத்து நி, பிறகு ஊதி மேல் ச. ஐந்தாம் துளையில் அதே மேல் ச மறுபடி ஊதலில் வந்து, வரிசை புதிதாகத் தொடங்கும். புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழுவது இந்த நான்காம் துளையில்தான். பொத்தானைத் தொடாமல் இப்படி ஏறி இறங்கினால் அது சங்கராபரணம்.

சரளி வரிசைக்கு வேண்டியது மாயாமாளவகௌளை. அதில் ரி, த இரண்டும் சுத்தம். சுத்த ரிஷபத்துக்கு முதல் துளையில் ஊதியபடி பொத்தானை அழுத்துங்கள். சுத்த தைவதத்துக்கு மூன்றாம் துளையில் அதேபோல். மத்திமத்தை இரண்டாம் துளையில் இழுத்தும் எடுக்கலாம், ஊதிப் பொத்தானை அழுத்தியும் எடுக்கலாம்; இரண்டும் ஒரே சுரம். இதில் ஒரு பொறி இருக்கிறது. அழுத்தியே எடுத்தால் ச ரி க ம ப த ஆறும் ஊதலிலேயே வரும். நிஷாதத்துக்கு வரும்போது நெஞ்சில் காற்று இருக்காது. ஆகவே மத்திமத்தை இழுத்தே வாசித்துப் பழகுங்கள். குரோமாட்டிக்கில் எந்தச் சுரத்தை எங்கே எடுப்பது என்பது பாதி விரல் கணக்கு, பாதி மூச்சுக் கணக்கு.

ஆதார ஷட்ஜத்தை முதல் துளையில் வைக்காதீர்கள். கீழே மந்தர பஞ்சமத்துக்கு இடமிருக்காது. நான்காம் அல்லது ஐந்தாம் துளையின் ச-வை ஆதாரமாகக் கொண்டால் மந்தர ஸ்தாயி முழுவதும் கீழே கிடைக்கும். மேலேயும் தாராளமாக இடம் உண்டு.

கமகம்: இது ஹார்மோனியத்தைப் போலச் சுரம் சுரமாக நிற்கிற வாத்தியம். பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் அரைச்சுரம் தொட்டுத் திரும்பும் அசைவு நன்றாக வரும். வாயின் உட்குழிவை மாற்றிச் சுரத்தைக் கொஞ்சம் கீழே வளைக்கலாம். ஒலி மெலியும், பழக்கமும் வேண்டும். தோடியின் காந்தாரத்தைப் போல அகலமாக அசைகிற சுரத்தை வீணையில் கேட்கிற மாதிரி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணத்தில் அமைந்த நோட்டு சுரங்கள், பழைய திரைப்பாட்டுகள் இவை இதற்கு இயல்பாக உட்காரும்.

புதிதாக வாங்குவதென்றால் எந்த மாடல்? பெயரைச் சொல்லுங்கள்; “உங்கள் விருப்பம்” என்று முடித்துவிடாதீர்கள்.
— வாசகர், நாகர்கோவில்

சொல்கிறோம். அதற்குமுன் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மலிவானதற்கும் விலை கூடியதற்கும் இடையே ரீடு எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. வித்தியாசம் காற்றுக் கசிவில். ஸ்லைடு, வாய்ப்பட்டை, ரீடுகள் தைத்த தட்டான ரீட் பிளேட், காற்றறைகள் உள்ள நடுக்கட்டை இவற்றுக்கிடையே உள்ள இடுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு மென்மையான மூச்சுக்கே ரீடு பேசும். கசிகிற வாத்தியத்தில் கற்பவர் பலமாக ஊதப் பழகுவார். பலமாக ஊதினால் ரீடு உடையும். பழக்கமோ நல்ல வாத்தியம் வாங்கின பிறகும் போகாது.

கைக்கு எட்டினால் ஹோனர் சிஎக்ஸ்-12 அல்லது சுசுகி எஸ்சிஎக்ஸ்-48. இரண்டிலும் நடுக்கட்டை பிளாஸ்டிக். நம் ஊர் ஈரத்துக்கு உப்பாது. சிஎக்ஸ்-12-இல் வாய்ப்பட்டையும் மேலுறையும் ஒரே வார்ப்பு. திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்பது தொடக்கக்காரருக்குப் பெரிய வசதி. பார்க்கக் கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சுசுகி வழக்கமான உலோக உருவம். உதட்டில் வழுவழுப்பாக உட்காரும்.

ஹோனரின் சூப்பர் குரோமோனிகா 270 பெயர்பெற்றது. ஒலி இதமானது. ஆனால் நடுக்கட்டை பேரிக்காய் மரம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் முதல் வாத்தியமாக இதைச் சொல்ல மாட்டோம். வாங்கியே தீருவதென்றால் ரீட் பிளேட் ஆணியால் அல்லாமல் ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்ட டீலக்ஸ் வகையைக் கேளுங்கள்.

ஜெர்மனியின் கிளிங்கென்தால் ஊரில் செய்யப்படும் சைடல் சாக்ஸனியில் ரீடுகள் பித்தளைக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு. ஆயுள் அதிகம், விலையும் அதிகம். முதல் வாத்தியத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

சில ஆயிரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் சீனத் தயாரிப்புகள். ஈஸ்ட்டாப் நம்பகமாக இருக்கிறது. அதன் ஃபோர்ரன்னர் மாடலில், காற்று வீணாகாமல் ரீட் துளையை மூடும் மெல்லிய நாடாவான வால்வே கிடையாது; வால்வு ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. ஸ்வான் இன்னும் மலிவு, ஆனால் ஒரே மாடலில் ஒன்று நன்றாக, இன்னொன்று ஓட்டையாக வரும். கடையில் ஊதிப் பார்க்க விட மாட்டார்கள். சுகாதாரக் காரணம், நியாயமும்கூட. ஆனால் பல கடைகளில் காற்றடிக்கும் துருத்தி வைத்து ஒவ்வொரு துளையையும் சோதித்துக் காட்டுவார்கள். பொத்தானை அழுத்தியும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், அதைத்தான் மறந்துவிடுவார்கள். அஞ்சலில் வரவழைத்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் 48 ரீடுகளையும் சுருதி காட்டும் டியூனர் செயலி வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் பழைய 270 ஒன்றைப் புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தருகிறார். பெட்டியெல்லாம் இருக்கிறது, மேல் தகடும் பளபளக்கிறது. எதையெதைப் பார்க்க வேண்டும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பெட்டியும் பளபளப்பும் கடைசியில். கையில் ஒரு சிறு திருப்புளி, போனில் டியூனர் செயலி, அரை மணி நேரம் இவற்றோடு போங்கள். மேல் தகட்டைக் கழற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள். பூட்டிய பெட்டியை விலைபேசுகிற மாதிரிதான் அது.

முதலில் ஊதும் முன்பே ஸ்லைடு. பொத்தானை மெதுவாக உள்ளே தள்ளி, மெதுவாக விடுங்கள். பாதியில் தயங்கினால் எச்சில் காய்ந்திருக்கலாம், கழுவினால் போகும். ஆனால் ஸ்லைடை மேலும் கீழும் அசைத்தால் கடகடவென்று ஆடினால் அது தேய்மானம். தேய்ந்த ஸ்லைடைச் சுத்தம் செய்து சரியாக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

வாய்ப்பட்டையைத் துடைத்துவிட்டு வாசியுங்கள். 12 துளை, துளைக்கு நான்கு, மொத்தம் 48. ஒவ்வொன்றையும் மூன்று விநாடி, பேச்சுக்குரலைவிடத் தணிந்த மூச்சில். டியூனரில் எல்லாச் சுரங்களும் ஒரே அளவாக 5 முதல் 12 செண்ட் வரை (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) ஏறியிருந்தால் கவலை வேண்டாம். ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வைத்துச் சுருதி சேர்ப்பது தொழிற்சாலை வழக்கம். தேட வேண்டியது கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் ஒற்றை ரீடு. பக்கத்துச் சுரங்களைவிட 20 செண்டுக்கு மேல் இறங்கி நின்றால், பெரும்பாலும் அதன் அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கும். இன்று கொஞ்சம் இறங்கியிருக்கிற ரீடு சில வாரத்தில் ஊமையாகும். அதைச் சுரண்டிச் சுருதி ஏற்றித் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். விரிசல் அங்கேயேதான் இருக்கும்.

அடுத்தது கசிவு. முதல் துளையில் மிக மெல்ல ஊதி, ஒரே மூச்சில் எத்தனை விநாடி சுரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு ஐந்தாம் துளையில் அதேபோல். கீழ்ச் சுரம் சற்றுக் குறைவாக நிற்பது இயல்பு. பாதிகூட நிற்காமல் காற்று ‘ஸ்ஸ்’ என்று வேறெங்கோ போனால், அல்லது ஒரு துளையில் ஊதும்போது பக்கத்துச் சுரமும் முனகினால், நடுக்கட்டையில் சந்தேகம் வைக்கலாம்.

இப்போது மேல் தகட்டையும் வாய்ப்பட்டையையும் கழற்றுங்கள். மரத்தில் அறைகளைப் பிரிக்கும் மெல்லிய பற்கள் தெரியும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கி, இந்தப் பற்கள் முடியளவு வெடித்திருக்கும். ஒரு வெடிப்பு இருந்தாலே இரண்டு அறைகளுக்கு இடையே காற்று ஓடும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் இது அபூர்வமில்லை. ரீட் பிளேட்டின் ஓரத்தில் சின்ன ஆணிகள் வரிசையாக இருந்தால் அது பழைய அமைப்பு. உள்ளே வேலை என்றால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை நெம்பும்போதும் ஆணித்துளை தளரும். ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ வைத்து மாற்றித் தருகிற கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ரீடுகளின் மேல் பச்சையாகப் படிந்திருந்தால் பித்தளை களிம்பேறியிருக்கிறது. தட்டின்மேல் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. ரீடு தைக்கப்பட்ட இடத்தில் இருந்தால் வேண்டாம். ரீடின் நுனியிலோ அடியிலோ புதுக் கீறல் பளிச்சென்று தெரிந்தால் யாரோ சுருதி திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். ஒன்றிரண்டில் இருந்தால் சரி. பத்தில் இருந்தால் அந்த வாத்தியம் உழைத்து ஓய்ந்தது.

இனி விலை. 48 ரீடும் பேசி, மரம் முழுதாக இருந்து, வால்வுகள் சிலது மட்டும் சுருண்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு நல்ல விலைதான். ஒரு ரீடு போயிருந்தால் விலையைப் பாதியாக்கிக் கேளுங்கள். ரீடும் போய் மரமும் வெடித்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் செலவுதான். எங்கள் பொதுவான கருத்து: முதல் வாத்தியத்தைப் பழையதாக வாங்குவதென்றால் பிளாஸ்டிக் நடுக்கட்டை உள்ளதாகப் பாருங்கள். மரத்தைப் பழுதுபார்ப்பது வாசிக்கத் தெரிந்தவருக்கே பொறுமையைச் சோதிக்கும்; வாசிக்கத் தெரியாதவருக்குத் தப்பு தன் மூச்சிலா வாத்தியத்திலா என்றே தெரியாது.

நேரில் போக முடியாவிட்டால், முதல் துளையிலிருந்து 12 வரை பொத்தானோடும் இல்லாமலும் மெதுவாக வாசித்து, டியூனர் திரையும் தெரியும்படி ஒரு வீடியோ கேளுங்கள். பாட்டு வாசித்த வீடியோ உதவாது. கெட்டுப்போன ரீடு வராத பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாமே.

பழைய வாத்தியம் என்றால் மற்றவர் வாய் வைத்தது. நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது. கொதிநீரில் போடலாமா?
— வாசகி, புதுச்சேரி

கூடாது. பிளாஸ்டிக் வளையும், வால்வின் பசை விட்டுப்போகும், மரமென்றால் அன்றோடு முடிந்தது.

வாய்ப்பட்டை, ஸ்லைடு, மேல் தகடுகளைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். உலோக வாய்ப்பட்டையை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பாகங்களில் ஆல்கஹால் படக்கூடாது. நுண்ணிய வெடிப்பு விழும். பிளாஸ்டிக் நடுக்கட்டையைத் தனியே எடுக்க முடிந்தால் அதையும் கழுவலாம். மரத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். ரீட் பிளேட்டில் பல் துலக்கி படவே கூடாது. ஒரு நூல் ரீடில் மாட்டி இழுத்தாலும் சுருதி போய்விடும். இவ்வளவுக்கும் பிறகு பூஞ்சை வாடை போகாத வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கி இரண்டு வாரம். வாசிக்கத் தொடங்கும்போது சில சுரங்கள் வருவதே இல்லை. பிறகு ‘டப்’ என்ற சத்தத்தோடு வருகின்றன. சில ‘கரகர’ என்கின்றன. பழுதா?
— வாசகர், ஈரோடு

பழுதில்லை, ஈரம். ஏ.சி. அறையில் வாசிக்கிறீர்களா?

ஒவ்வொரு ரீட் துளையின் மறுபக்கத்திலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒரு முனையில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். அதுதான் வால்வு. மேல் கோடியில் உள்ள சில துளைகளுக்கு மட்டும் இருக்காது. நீங்கள் இழுக்கும்போது ஊதும் ரீடின் இடுக்கு வழியாகக் காற்று வீணாகாமல் மூடிக்கொள்வதும், ஊதும்போது இழுக்கும் ரீடுக்கு அதையே செய்வதும் அதன் வேலை. குளிர்ந்த பித்தளையில் மூச்சின் ஈரம் நீராகப் படியும். நாடா தட்டோடு ஒட்டிக்கொள்ளும். காற்று அழுத்தி அழுத்திப் பிரியும்போது ‘டப்’. பாதி ஒட்டியது துடித்தால் ‘கரகர’.

மருந்து எளிது. வாசிக்கும் முன் பத்து நிமிடம் சட்டைப் பையிலோ, இரு கைகளுக்குள்ளோ வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்க வேண்டாம். வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, பெட்டியை உடனே மூடாமல் கால் மணி நேரம் காற்றாட விடுங்கள். டீ குடித்தோ முறுக்கு சாப்பிட்டோ வந்தால் வாய் கொப்பளித்துவிட்டுத் தொடுங்கள். சர்க்கரைதான் முதல் பகை.

இதற்குப் பிறகும் ஒரே சுரம் தொடர்ந்து தகராறு செய்தால் எந்த வால்வு என்று கண்டுபிடிக்கலாம். மேல் தகட்டைக் கழற்றினால் வெளியே தெரியும் நாடாக்கள் எல்லாம் ஊதும் ரீடுகளுக்கு உரியவை. ஆகவே ஊதும் சுரம் ‘டப்’ என்றால் கைக்கு எட்டும் வால்வுதான். இழுக்கும் சுரம் ‘டப்’ என்றால் வால்வு உட்புறம். ரீட் பிளேட்டையே எடுக்க வேண்டும். தலைகீழாகவும் ஒன்று உண்டு: இழுக்கும் சுரம் சத்தமில்லாமல் காற்றாகவே போனால், அதே அறையின் ஊதும் ரீடு வால்வு மூடவில்லை. அதுவும் வெளியே தெரிவதுதான். பொத்தானை அழுத்தாத சுரங்கள் பெரும்பாலும் மேல் பிளேட்டிலும், அழுத்திய சுரங்கள் கீழ் பிளேட்டிலும் இருக்கும்.

வெளி வால்வுக்கு: நார் விடாத மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை நாடாவுக்கும் தட்டுக்கும் இடையே நுழைத்து, மேலே விரலால் மெல்ல அழுத்தி இழுத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை. நாடாவைத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒருமுறை மடிந்தால் திரும்பப் படியாது. நுனி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தட்டைவிட்டு எழும்பி நின்றால் புது வால்வு ஒட்ட வேண்டும். குண்டூசி நுனியில் எடுக்கும் அளவு சூப்பர் க்ளூ போதும். ரீடு தைத்திருக்கும் முனைக்கு நேராக, இரண்டு மில்லிமீட்டர் இடத்தில் மட்டும். அதற்கு மேல் பரவினால் ரீடும் ஒட்டிக்கொள்ளும்.

பொத்தான் உள்ளே போனால் வரமாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு நாள் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம்.
— வாசகர், கும்பகோணம்

எண்ணெய் தூசியையும் எச்சிலையும் சேர்த்துக் களிம்பாக்கிவிட்டது. இனி விடாதீர்கள்.

கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பட்டையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ. அவற்றை எடுத்தால் வாய்ப்பட்டை, அதன் கீழே ஸ்லைடு, ஸ்லைடைச் சுற்றியுள்ள தகடுகள் அடுக்காக வரும். ஸ்க்ரூவில் சின்ன ரப்பர் குழல் மாட்டியிருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ‘டக் டக்’ என்று இரும்புச் சத்தம் கேட்கும். ஸ்பிரிங் துள்ளி ஓடும். ஒரு விரலை அங்கே வைத்துக்கொண்டே ஸ்லைடை உருவுங்கள். ஸ்லைடின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். புரட்டிப் போட்டால் பொத்தான் தலைகீழாக வேலை செய்யும்: அழுத்தாதபோது அரைச்சுரம் ஏறி, அழுத்தினால் இறங்கும். ஐரிஷ் இசை வாசிப்பவர்கள் சிலர் வேண்டுமென்றே அப்படிப் போடுவார்கள்.

எல்லாவற்றையும் சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, துடைத்து, ஸ்லைடை மட்டும் வெறும் தண்ணீரில் லேசாக நனைத்துத் திரும்பப் பூட்டுங்கள். இனித்தான் நுட்பம். இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஸ்லைடு மந்தமாகும் இடம் வரும். அங்கிருந்து ஒரு இம்மி தளர்த்தி நிறுத்துங்கள். இன்னும் இறுக்கினால் சிக்கும். ரொம்பத் தளர்த்தினால் கசியும். பலருடைய ‘பழுதான’ குரோமாட்டிக்கில் இருக்கிற பழுது இந்த ஸ்க்ரூவின் கால் சுற்றுதான்.

வாங்கும் முன் யாருடைய வாசிப்பைக் கேட்கலாம்?
— வாசகர், சேலம்

லாரி ஆட்லர் (1914–2001), டாமி ரெய்லி (1919–2000), டூட்ஸ் தீலமான்ஸ் (1922–2016). மேற்கத்திய செவ்வியல் பக்கம் ரெய்லி, ஜாஸ் என்றால் தீலமான்ஸ். வேகத்தைக் கவனிக்க வேண்டாம்; எவ்வளவு மெல்ல ஊதி எவ்வளவு நீளம் நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

இடக்கைப் பழக்கம் எனக்கு. தனி வாத்தியம் வேண்டுமா?
— வாசகி, விழுப்புரம்

வேண்டாம். கீழ்ச் சுரம் இடப்புறம், பொத்தான் வலது ஆள்காட்டி விரலுக்கு; எல்லோருக்கும் இதே பிடிதான். பிடிக்கிற வேலை இடக்கைக்கே அதிகம் என்பதால் உங்களுக்கு அது சாதகமாகக்கூட இருக்கலாம்.